ஸ்டீரிங் பிடித்த கையில் என்ன வாட்ச்?

கேள்வி இது: “1960கள், 70களில் வந்த கார் பந்தயப் படங்களை இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். கதாநாயகன் கையில் ஏதோ ஒரு குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்) தெரிகிறது, ஆனால் என்ன வாட்ச் என்று சொல்ல முடியவில்லை. ‘லெ மான்’ படத்தின் சதுர வாட்சைத் தவிர வேறு எதுவும் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எதை வைத்து அடையாளம் சொல்கிறார்கள்?”

டயலில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து யாரும் சொல்வதில்லை. முதலில் இதைத் தெரிந்துகொண்டால் பாதி சிரமம் குறையும். பெயரைத் தேடித்தான் எல்லோரும் படத்தை நிறுத்துகிறார்கள், பெரிதாக்குகிறார்கள், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். அங்கே கிடைப்பது ஒரு வெள்ளைப் பொட்டுதான். அந்தக் கால வாட்சுகளில் கண்ணாடிக்குப் பதில் மேல் நோக்கிப் புடைத்த பிளாஸ்டிக் மூடி இருக்கும். படப்பிடிப்பு விளக்கு அதில் பட்டதும் டயலில் பாதி மறைந்துவிடும். மீதிப் பாதியில் எழுத்து இருந்தாலும் அது அரிசியில் எழுதிய பெயர் மாதிரிதான்.

தூரத்தில் நடந்து வருகிற மனிதனை முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்துச் சொல்லிவிடுகிறோம் இல்லையா, அதே வேலைதான் இதுவும். வாட்சுக்கும் உடல்வாகு உண்டு. உருவம் வட்டமா, சதுரமா, தலையணை மாதிரி உப்பலா? டயலுக்குள் சின்ன வட்டங்கள் எத்தனை, எந்த இடத்தில்? டயலும் சின்ன வட்டங்களும் ஒரே நிறமா, எதிர் நிறமா? சாவி எந்தப் பக்கம்? (சாவி கொடுக்கும் குமிழைத்தான் சாவி என்கிறேன். பழுது பார்ப்பவர்கள் ‘கீ’ என்பார்கள்.) சுற்றி அகலமான வளையம் இருக்கிறதா, இல்லை மெல்லிய விளிம்பு மட்டும்தானா? இவை மங்கலான பிம்பத்திலும் தப்பிப் பிழைக்கும். இவற்றில் மூன்று கிடைத்தாலே பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட்சுகளுக்குள் வந்து நின்றுவிடலாம்.

அதோடு ஆண்டு. படம் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்பது ஒரு பெரிய கத்தரிக்கோல். 1969க்கு முன்னால் தானியங்கி குரோனோகிராஃப் என்று ஒன்று கடையில் கிடையாது. கை அசைவில் தானாகச் சாவி ஏறும் வாட்சுகள் அதற்கு முன்பே இருந்தன, ஸ்டாப்வாட்ச் வசதியோடு கூடிய குரோனோகிராஃப்களும் இருந்தன, ஆனால் இரண்டும் ஒரே வாட்சில் சேரவில்லை. 1969ல் மூன்று இடங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் அது வந்தது. ஜனவரியில் ஜெனித் நிறுவனம் எல் பிரிமேரோவை அறிவித்தது. மார்ச் 3ம் தேதி ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன்-பியூரன், டுபுவா தெப்ராஸ் ஆகியோர் கூட்டாகச் செய்த குரோனோமேட்டிக் இயந்திரம் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் மேடையேறியது. ஜப்பானில் சீகோ தன் 6139ஐ அதே ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. யார் முதல் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. நமக்கு அது முக்கியமில்லை.

நமக்கு முக்கியமானது இதுதான்: ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய ‘கிராண்ட் பிரீ’ 1966ல் வந்த படம். அதில் யார் கையில் குரோனோகிராஃப் தெரிந்தாலும் அது தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச்தான். ஹெச்.எம்.டி.க்குக் காலையில் சாவி கொடுத்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். அந்தப் படத்தில் இருப்பது 1969ல் வந்த ஹோயர் மொனாக்கோ (‘லெ மான்’ படத்தின் சதுர வாட்ச்தான் அது) என்று யாராவது அடித்துச் சொன்னால், வாட்சைப் பார்க்காமலேயே இல்லை என்று பதில் சொல்லலாம்.

சாவி இருக்கும் பக்கம் ஏன் இவ்வளவு பெரிய துப்பு என்பதற்கும் இதே 1969 கதைதான் காரணம். ஹோயரும் கூட்டாளிகளும் புதிதாக முழு இயந்திரம் வடிவமைக்கவில்லை. பியூரனின் மெல்லிய தானியங்கி இயந்திரத்தை அடியில் வைத்து, அதன் மேல் டுபுவா தெப்ராஸின் குரோனோகிராஃப் அடுக்கை ஏற்றினார்கள். அப்படி அடுக்கியதில் சாவி இடது பக்கத்துக்குப் போய்விட்டது, பொத்தான்கள் இரண்டும் வலது பக்கத்தில் தங்கின. வேறு வழியில்லாமல் வந்த அமைப்பை, சாவியே கொடுக்க வேண்டாத வாட்ச், அதனால்தான் சாவியை ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று விளம்பரமாக மாற்றிக்கொண்டார்கள். திரையில் இடது பக்கம் சாவி துருத்திக்கொண்டு தெரிந்தால் அது பெரும்பாலும் இந்தக் கூட்டணியின் வாட்ச். ஆனால் ஹோயர் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. பிரைட்லிங்கும் ஹாமில்டனும் அதே இயந்திரத்தைத்தான் போட்டார்கள், அவற்றிலும் சாவி இடது பக்கம்தான்.

இந்தத் துப்பில் நான் ஒரு முறை நன்றாக வழுக்கி விழுந்திருக்கிறேன். பழைய பந்தயப் புகைப்படம் ஒன்றில் இடது பக்கச் சாவியைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் நண்பர்களுக்குப் பாடமே நடத்தினேன். கடைசியில் ஒருவர் சட்டையைப் பார்க்கச் சொன்னார். ஆண்கள் சட்டையில் பொத்தான் தைத்திருப்பது அணிபவரின் வலது பக்கம். அந்தப் படத்தில் இடது பக்கம் இருந்தது. படமே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடப்பட்டிருக்கிறது! பக்க அமைப்புக்கு வசதியாகப் படத்தைத் திருப்பிப் போடுவது பத்திரிகைகளிலும் சுவரொட்டிகளிலும் சகஜம். அதிலிருந்து சாவியைப் பார்ப்பதற்கு முன் சட்டைப் பொத்தானையும் கார் எண்ணையும் பார்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

சரி, ‘லெ மான்’ படத்துக்கு வருவோம். அந்தச் சதுர வாட்ச் எளிதாகப் பிடிபடுவதால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

1971ல் வெளியான அந்தப் படத்தில் கதாநாயகன் ஸ்டீவ் மக்வீன் கட்டியிருப்பது ஹோயர் மொனாக்கோ, மாடல் எண் 1133பி. நீல டயல், உள்ளே வெளிறிய நிறத்தில் மூலை மழுங்கிய இரண்டு சின்னக் கட்டங்கள், கீழே தேதி, இடது பக்கம் சாவி. மணி குறிக்கும் கோடுகளைப் பாருங்கள். வழக்கமாக அவை மையத்தை நோக்கி விசிறி மாதிரி நிற்கும், இதில் எல்லாமே படுக்கைவாட்டில் கிடக்கும். இன்னொன்று, இதில் ஓடிக்கொண்டே இருக்கும் விநாடி முள் கிடையாது. வலது கட்டம் ஸ்டாப்வாட்சின் நிமிடக் கணக்கு, 30 வரை. இடது கட்டம் மணிக் கணக்கு, 12 வரை. நடுவில் இருக்கும் நீள முள் பொத்தானை அழுத்தினால்தான் நகரும். அதனால் திரையில் இந்த வாட்சைப் பார்க்கும்போது நின்றுபோன மாதிரியே இருக்கும். அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இதை மற்ற வாட்சுகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரே ஷாட் நாலைந்து விநாடி நீடித்தால் நடு முள்ளைக் கவனியுங்கள். அது பாட்டுக்கு ஓடினால் ஒன்று சாதாரண வாட்ச், இல்லையென்றால் நடிகர் பொத்தானை அழுத்தி விட்டிருக்கிறார். நடு முள் 12ல் அசையாமல் நிற்க, இடது பக்கச் சின்ன வட்டத்தில் மட்டும் ஏதோ நகர்கிறது என்றால், மூன்று வட்டம் கொண்ட, சாவி கொடுக்கும் பழைய ரகக் குரோனோகிராஃபாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மக்வீன் கைக்கு அது எப்படி வந்தது? இன்று போல ஒரு நிறுவனம் நடிகருக்குக் கோடிகளைக் கொட்டி வாட்சைக் கட்டிவிட்ட கதை இல்லை. இதற்கு முன்னால் ஜோ சிஃபெர்ட் என்ற சுவிட்சர்லாந்து ஓட்டுநரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1969ல் ஹோயர் நிறுவனத்தின் தலைவர் ஜாக் ஹோயர் அவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 25,000 சுவிஸ் ஃபிராங்க், கூடவே மொத்த விலையில் வாட்சுகள். பதிலுக்குச் சிஃபெர்ட் தன் உடையில் ஹோயர் சின்னத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். சிஃபெர்ட் நல்ல வியாபாரி. கிடைத்த வாட்சுகளைப் பந்தயக் களத்திலேயே சக ஓட்டுநர்களுக்கு விற்றார். அந்த ஆண்டுகளின் ஆவணப் படங்களிலும் செய்திச் சுருள்களிலும் ஆளாளுக்கு ஹோயர் கட்டியிருப்பதைப் பார்த்தால், அதில் ஒரு பங்கு இந்த மனிதரின் கைங்கரியம்.

மக்வீன் திரையில் ஒரு நிஜ ஓட்டுநரைப் போலவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது சிஃபெர்ட்டை. அதே மாதிரி வெள்ளை உடை, அதே இடத்தில் ஹோயர் சின்னம். மார்பில் ஹோயர் சின்னம் இருந்தால் கையில் வேறு நிறுவனத்தின் வாட்ச் இருக்க முடியாதே! படப்பிடிப்புக்கு வந்திருந்த ஹோயர்களில் மொனாக்கோ தேர்வானது. ஆகவே அந்த வாட்ச் ஒரு வேஷத்தின் பகுதி. நடிகர் ஓட்டுநரைப் பார்த்துப் போட்ட வேஷம். வேடிக்கை என்னவென்றால், சிஃபெர்ட்டின் பெயரோடு சேகரிப்பாளர்கள் இன்று சேர்த்துச் சொல்வது மொனாக்கோவை இல்லை. வெள்ளை டயல், கறுப்புச் சின்ன வட்டம், நீலத் தீற்றல்கள் கொண்ட ஆட்டாவியா 1163டிதான் ‘சிஃபெர்ட்’. உடையில் இருக்கும் சின்னம் நிறுவனத்தைச் சொல்லும், எந்த மாடல் என்று சொல்லாது. இதை எங்கேயும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘லெ மான்’ படத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அது இரண்டு அடுக்காக எடுக்கப்பட்ட படம் என்பது. 1970 ஜூன் 13, 14 தேதிகளில் நிஜமான 24 மணி நேரப் பந்தயம் நடந்தபோதே கேமராக்கள் ஓடின. ஒரு போர்ஷே 908 காரில் கேமராவைப் பொருத்தி, அதையும் ஒரு போட்டியாளராகவே பதிவு செய்து ஓடவிட்டார்கள். ஹெர்பர்ட் லிங்கேயும் ஜோனதன் வில்லியம்ஸும் அதை ஓட்டினார்கள். பந்தயம் முடிந்த பிறகு மாதக் கணக்கில் அதே தடத்தில் நடிகர்களை வைத்து மற்றக் காட்சிகளை எடுத்தார்கள். ஆக, கூட்டமும் பதற்றமுமாகத் தெரியும் காட்சிகளில் பலவற்றில் இருப்பவர்கள் நிஜமான மெக்கானிக்குகள், நிஜமான நேரக் கணக்கர்கள். அவர்கள் கையில் இருப்பது அவரவர் சொந்த வாட்ச். எனக்குக் கதாநாயகனின் மொனாக்கோவை விட இவர்கள் கைகள்தான் அதிகச் சுவாரஸ்யம். மொனாக்கோவைப் பற்றி எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டார்கள்.

‘கிராண்ட் பிரீ’ படமும் இதே வகை. 1966 பந்தயப் பருவத்தின்போதே அணிகளோடு ஊர் ஊராகப் போய் எடுத்தது. கிரஹாம் ஹில், ஃபில் ஹில் போன்ற உலகச் சாம்பியன்களே அதில் தலைகாட்டுகிறார்கள். அதில் ஓடும் கார்களில் பல, ஃபார்முலா 1 கார் மாதிரி வேஷம் போட்ட சின்ன ரகக் கார்கள். கார்களை நம்ப முடியாது, ஆனால் பின்னணியில் நிற்கும் ஆட்களின் மணிக்கட்டை நம்பலாம். 65 மி.மீ. பிலிமில் எடுத்ததால் நல்ல வட்டுப் பதிப்பு கிடைத்தால் பின்னணிகூட ஆச்சரியமாகத் துல்லியமாக இருக்கும். யூடியூபில் யாரோ ஏற்றிய துண்டை வைத்துக்கொண்டு வாட்ச் தேடுவது வீண்வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். பந்தய ஓட்டுநர் காரில் உட்கார்ந்துகொண்டு கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்தி நேரம் பார்ப்பார் என்று ஒரு படிமம் நம் மனதில் இருக்கிறது. விளம்பரங்கள் ஏற்றிவிட்டது. ஒரு கையால் கியர், ஒரு கையால் ஸ்டீரிங், கையுறை வேறு. எங்கே அழுத்துவது? வாட்சில் எழுதியிருக்கும் டாக்கிமீட்டர் அளவுகோலும் இதற்கு உதவாது. அது எளிய கணக்கு: 1 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி என்று பார்த்து, 3600ஐ அதால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 20 விநாடி என்றால் 180. ஆனால் அன்றைய லெ மான் தடத்தின் ஒரு சுற்று 13.469 கிலோமீட்டர். 1970ல் விக் எல்ஃபோர்டு தகுதிச் சுற்றில் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 19.8 விநாடி, சராசரியாக மணிக்கு 242 கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கணக்கை வாட்ச் விளிம்பைப் பார்த்துப் போட முடியாது. அளவுகோல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

உண்மையான நேரக் கணக்கு நடந்தது பிட் சுவரில் (கார்கள் நின்று டயர் மாற்றும், பழுது பார்க்கும் இடத்துக்கும் தடத்துக்கும் நடுவில் உள்ள சுவர்). எழுது பலகையில் இரண்டு மூன்று ஸ்டாப்வாட்சுகளை வரிசையாகப் பொருத்தி, காகிதத்தில் சுற்றுக்குச் சுற்று எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றை நிறுத்தும்போது அடுத்தது ஓடத் தொடங்கும். இந்த வேலையை அந்தக் காலத்தில் ஓட்டுநர்களின் மனைவிகள் நிறையச் செய்தார்கள். ஜாக்கி ஸ்டூவர்ட்டின் மனைவி ஹெலன் அப்படி ஒருவர். இன்னொருவர் ஜோக்கன் ரிண்ட்டின் மனைவி நினா. பிட் சுவரில் எடுத்த புகைப்படங்களில் நினாவின் கையில், அகலமான தோல் பட்டையின் மேல், வெள்ளை டயலும் மூன்று கறுப்பு வட்டங்களும் கொண்ட ஒரு வாட்ச் அடிக்கடி தெரியும். யுனிவர்சல் ஜெனிவ் நிறுவனத்தின் காம்பாக்ஸ், எண் 885103/02. பல காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்த மாடல், புகைப்படங்களில் அடையாளம் காணப்பட்ட பிறகு ‘நினா ரிண்ட்’ என்ற பெயரிலேயே புழங்குகிறது. கதாநாயகனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மாதிரி வாட்ச் கண்ணில் படவே படாது.

இனி, ஒன்றோடொன்று குழம்பும் வட்ட வாட்சுகள். கஷ்டமான பகுதி இதுதான். 1960களின் நடுப்பகுதியில் ஹோயர் கரேரா, ஹோயர் ஆட்டாவியா, ரோலெக்ஸ் டேடோனா, யுனிவர்சல் காம்பாக்ஸ் என்று பல வாட்சுகளுக்குள் ஓடியது ஒரே வால்ஷூ 72 குடும்பத்து இயந்திரம். அதனால் மூன்று சின்ன வட்டங்களும் 3, 6, 9 மணி இடங்களில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் இருக்கும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டருக்கு இயந்திரம் வேறு என்றாலும் வட்டங்கள் அதே மூன்று இடங்களில்தான். வட்டங்களை எண்ணி இவற்றைப் பிரிக்க முடியாது. வளையத்தைப் பார்க்க வேண்டும்.

1963ல் வந்த கரேராவுக்கு வெளி வளையமே கிடையாது. மெல்லிய விளிம்பு, உடனே டயல். அகலம் 36 மி.மீ.தான் என்றாலும் டயல் விளிம்பு வரை பரவியிருப்பதால் சுத்தமாக, காற்றோட்டமாகத் தெரியும். பட்டை கோக்கும் காதுகள் நீளமாக, கத்தியால் சீவிய மாதிரி தட்டையாக இருக்கும், வெளிச்சம் பட்டால் சட்டென்று மின்னும். 1962ல் கைக்கடிகாரமாக வந்த ஆட்டாவியாவில் திருப்பக்கூடிய அகலமான கறுப்பு வளையம். ஆட்டோமொபைல், ஏவியேஷன் இரண்டையும் ஒட்டிச் செய்த பெயர் அது. 1933லேயே காரின் முன்பலகையில் பொருத்தும் கடிகாரத்துக்கு வைத்த பெயரை எடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். கறுப்பு டயலில் வெள்ளை வட்டங்கள், கறுப்பு வளையம் என்று தூரத்திலிருந்தும் கண்ணை இழுக்கும். 1969க்குப் பிறகு வந்த ஆட்டாவியா முற்றிலும் வேறு உருவம், தலையணை மாதிரி உப்பிய உடம்பு, இடது பக்கம் சாவி.

பின்னாளில் விண்வெளி வீரர்களோடு நிலவுக்குப் போன ஸ்பீட்மாஸ்டர் 1957ல் வந்தபோது நிலவுக்கான வாட்ச் இல்லை, கார் பந்தயத்தை மனதில் வைத்துச் செய்தது. டாக்கிமீட்டரை டயலிலிருந்து வெளி வளையத்துக்கு நகர்த்தியதே அதுதான். அதன் அடையாளம் டயலும் வட்டங்களும் ஒரே கறுப்பு. மங்கலான காட்சியில் வட்டங்கள் டயலோடு கரைந்து, வெள்ளை முட்கள் மட்டும் தனித்துத் தெரியும். அந்த மாதிரி தெரிந்தால் ஆட்டாவியாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ஸ்பீட்மாஸ்டரை யோசிக்கலாம். டேடோனா 6239 எதிர்ப்பக்கம்: வளையம் கறுப்பில்லை, உலோகத்திலேயே எண்கள் செதுக்கியது, அதனால் வாட்ச் முழுக்க ஒரு வெள்ளித் தட்டு மாதிரி பளபளக்கும். அதன் உண்மையான அளவைப் பார்த்தால் இன்றைய 42 மி.மீ. வாட்சுகளுக்குப் பழகிய கண் நம்பாது. அகலமே 37 மி.மீ.தான். பெரிய மணிக்கட்டில் கொஞ்சம் சிறுத்துத்தான் தெரியும்.

வட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் 6 மணி இடத்தில், 3 மணி இடத்தில் கிழமையும் தேதியும் என்றால் சீகோ 6139 ஞாபகத்துக்கு வர வேண்டும். மூன்று வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மூன்று வெவ்வேறு நிறத்தில் இருந்தால் ஜெனித் எல் பிரிமேரோ ஏ386. இவற்றைத் தவறவிடுவது கடினம்.

கறுப்பு வெள்ளைப் படங்களில் நிறத்தை நம்ப வேண்டாம். நீலம், பழுப்பு, கரும் பச்சை எல்லாமே சாம்பலாகிவிடும். எது இருட்டு, எது வெளிச்சம் என்ற எதிர்மறை மட்டும் மிஞ்சும். வெள்ளை டயலில் கறுப்பு வட்டங்களைச் சேகரிப்பாளர்கள் ‘பாண்டா’ என்பார்கள். மாறி இருந்தால் ‘ரிவர்ஸ் பாண்டா’. அதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

அப்புறம், பட்டப்பெயர்கள். இந்தத் துறையில் அதிகம் பேரைக் குழியில் தள்ளுவது இவைதான். ‘பால் நியூமன் டேடோனா’ என்றதும் அவர் பந்தய ஓட்டுநராக நடித்த 1969ம் ஆண்டின் ‘வின்னிங்’ படத்தில் அதைத் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வாட்ச் திரைக்குள் இருந்து வந்த புகழ் இல்லை. படம் எடுத்த காலத்தை ஒட்டி மனைவி ஜோன் வுட்வர்ட் வாங்கிக் கொடுத்தது. பின்பக்கம் “டிரைவ் கேர்ஃபுல்லி மீ” என்று செதுக்கியிருந்தார். பத்திரமாக ஓட்டுங்கள், இப்படிக்கு நான். அந்தப் படத்துக்காகப் பயிற்சி எடுத்தவருக்குப் பந்தயப் பித்து பிடித்து, 1979ல் லெ மான் பந்தயத்திலேயே இரண்டாமிடம் வந்த அணியில் ஓட்டினார். வாட்சைப் பல ஆண்டுகள் சொந்த வாழ்க்கையில் கட்டியிருந்து, 1984ல் மகளின் நண்பருக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் அது போன விலை 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல். மொனாக்கோவுக்கு அவ்வளவு இல்லை. ‘லெ மான்’ படப்பிடிப்பில் மக்வீன் கட்டிய மொனாக்கோக்களில் ஒன்று, அவர் தன் மெக்கானிக்குக்குக் கொடுத்தது, 2020 டிசம்பரில் 22 லட்சம் டாலருக்குப் போனது.

‘மொனாக்கோக்களில் ஒன்று’ என்று பன்மையில் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். படப்பிடிப்பில் ஒரே மாதிரி வாட்ச் பல வேண்டும். ஒன்று உடைந்தாலோ நனைந்தாலோ படப்பிடிப்பு நிற்கக் கூடாது, மாற்று ஓட்டுநர் கையிலும் ஒன்று வேண்டும். ஆகவே “படத்தில் வந்த அந்த வாட்ச்” என்று ஒற்றையில் பேசுகிறவர்களிடம், எதற்கும் ஒரு தடவை, எத்தனையாவது என்று கேளுங்கள்.

நியூமன் கதையிலாவது வாட்ச் உண்மையிலேயே அவருடையது. ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் II, எண் 1655 என்ற வாட்ச் ‘ஸ்டீவ் மக்வீன் ரோலெக்ஸ்’ என்ற பெயரில் பல ஆண்டுகள் விற்பனையானது. அது குரோனோகிராஃப்கூட இல்லை. மக்வீன் அதைக் கட்டியிருப்பதைக் காட்டும் ஒரு நம்பகமான புகைப்படமும் இதுவரை வரவில்லை. அவர் கையில் நிஜமாகத் தெரிந்த ரோலெக்ஸ், சப்மரினர் 5512. யாரோ ஒருவர் சொன்னது, விற்பவர்களுக்கு வசதியாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயரை வைத்துக்கொண்டு படத்தில் தேடினால், இல்லாததும் இருப்பதாகத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்கிறது.

அடையாளம் கண்ட பிறகு வாங்கும் ஆசை வரும். இதில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாக் ஹோயர் (ஹோயர் நிறுவனத்தின் இன்றைய பெயர்) 1998ல் மொனாக்கோவை மறுபடி கொண்டுவந்தபோது சாவி வலது பக்கம் போய்விட்டது, உள்ளே வேறு இயந்திரம் என்பதால். இடது பக்கச் சாவியோடு நீல டயல் வழக்கமான விற்பனைக்குத் திரும்பி வந்தது 2015ல்தான். படத்தில் வந்ததே இதுதான் என்று யாராவது வலது பக்கச் சாவி உள்ள மொனாக்கோவைக் காட்டினால் வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் படத்தில் வந்தது அது இல்லை.

தேடுவதற்கு எந்தக் காட்சிகள் நல்லவை? ஓட்டும் காட்சிகள் இல்லை. தீப்பிடிக்காத உடையின் கைப்பகுதி மணிக்கட்டை மூடிவிடும், கையுறை மீதியை மூடிவிடும். கையுறை போடும் காட்சி, கழற்றும் காட்சி, காப்பிக் கோப்பையைத் தூக்கும் காட்சி, சிகரெட் பற்றவைக்கும் காட்சி, பிட் சுவரில் சாய்ந்து நிற்கும் காட்சி: அங்கேதான் மணிக்கட்டு கேமராவைப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் பாதி டயல்தான் கிடைக்கும். ஒரு ஷாட்டில் சாவி, இன்னொன்றில் வட்டங்கள், மூன்றாவதில் வளையம் என்று சேர்த்துக்கொண்டே வர வேண்டும். நான் ஒரு நோட்டில் டயலை வட்டமாக வரைந்து, உறுதியாகத் தெரிந்த பாகத்தை மட்டும் பேனாவால் நிரப்புவேன். ஊகத்துக்குப் பென்சில்.

பழகிப் பார்க்க ‘லெ மான்’ படத்தின் முதல் அரை மணி நேரமே போதும். கிட்டத்தட்ட வசனமே இல்லாத பகுதி அது, கதை தவறிப்போகும் கவலை இல்லை. மாலை 4 மணியை நோக்கி நகரும் தடத்தின் பெரிய கடிகாரத்தை மாறி மாறிக் காட்டுவார்கள். டுட்ரே என்ற அதன் பெயரைச் சிரமமே இல்லாமல் படித்துவிடலாம். அதைப் படித்ததும் படத்தை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் போய், பிட் சுவரில் நிற்கிறவர்களின் இடது கைகளிலிருந்து தொடங்குங்கள்.